வலப்பக்கம் தெரியாத எஞ்சின்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கப்போன இடத்தில், தையற்காரர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னது. பத்து நாளாக எழுதிப் பார்க்கிறேன். அவர் சொன்னதில் பாதிகூட வரவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதல் வரி இப்படி இருந்தது: ‘அந்த நீராவி எஞ்சின் பெருமூச்சு விட்டபடி…’

(வேண்டாம். அதை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டு நாற்பது வருடம் ஆகிறது.)

2

தையற்காரருக்கு ஒரு கிறுக்கு. பித்தளைத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, முழ நீளத்துக்கு மாதிரி எஞ்சின் செய்வார். கடையில் விற்கும் பாகம் ஒன்றுகூடச் சேர்க்க மாட்டார். உடைத்துப் போட்ட இந்த எஞ்சினுக்குக் கிடைத்ததோ ஒரே போட்டோ, அதுவும் இடப்பக்கம். வலப்பக்கத்துக்காக மூன்று வருடம் கடிதம் எழுதினார், பழைய பணிமனைகளில் கால்கடுக்க நின்றார். கடைசியில் ஒரு பழுதுப் பதிவேட்டில் ஒரு வரி அகப்பட்டது: ‘காற்று பம்ப் மாற்றப்பட்டது.’ இடப்பக்கப் போட்டோவில் பம்ப் இல்லை. அப்படியானால் வலப்பக்கம்தான். ஆனால் எந்த இடத்தில்? என்ன அளவில்? தெரியாமல் தகட்டில் கை வைக்க மாட்டார்.

அவருடைய சகலை பல் டாக்டர். அவருக்கும் இதே கிறுக்கு, இதே எஞ்சின். (சகலையை முதலில் பக்கத்து வீட்டுக்காரராக எழுதிப் பார்த்தேன். எடுபடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சகலை என்றால் மனைவி வழியாகச் செய்தி வந்துகொண்டே இருக்கும்.)

“ஏங்க, அக்கா வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கத்து போட்டோ கிடைச்சிடுச்சாம். பல்லு புடுங்க வந்த யாரோ குடுத்தாராம்.”

மூன்று வருடம் இவருக்கு. ஒரு கடைவாய்ப்பல் அவருக்கு. வயிறு சரியில்லை என்று தையற்காரர் அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார். வயிறு சரியில்லாததும் உண்மைதான்.

3

ஆறே மாதத்தில் சகலை முடித்துவிட்டார். ரயில் அருங்காட்சியகம் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கேட்டுவிட்டது. எடுத்துப்போக வண்டி வரும் நாளில் தையற்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

“வாங்க சகலை. உங்க பம்ப எங்கயும் காணோம் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே அச்சு. இந்தாங்க போட்டோ.”

மாதிரி அழகாகத்தான் இருந்தது. ரிவிட் ஒவ்வொன்றிலும் பல் டாக்டரின் கை தெரிந்தது. பார்க்கப் பார்க்கத் தையற்காரருக்கு எரிந்தது. முகத்தை மறைக்கப் போட்டோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

எஞ்சின் எண்ணை மறைத்துக்கொண்டு டிரைவர் நிற்கிறார். பழக்கதோஷம், கண் முதலில் அவர் சட்டைக்குத்தான் போனது. சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. பொத்தான் பட்டி பெண்கள் சட்டைபோல் மாறி மூடியிருந்தது. ஆணுக்கு எந்தத் தையற்காரனும் இப்படித் தைக்க மாட்டான்.

பிரிண்ட் போட்டவன் நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டான். இது வலப்பக்கமே இல்லை. அதே இடப்பக்கம், கண்ணாடியில் பார்ப்பதுபோல்.

“என்ன சகலை, போட்டோவையே பாத்துக்கிட்டிருக்கீங்க? தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

வாசலில் வண்டி வந்து நின்றது.

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். சகலையின் முகம் தொங்கிப்போகிறது. தையற்காரரின் மனைவி கேட்கிறாள்: “இன்னைக்குத்தான் சொல்லணுமா?”

முடிவு இரண்டு: “பிரமாதம்” என்கிறார். பம்ப் இல்லாத எஞ்சினைப் பார்த்து ஊரே மெச்சுகிறது. அவர் மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்துபோகிறார்.

சொன்னாலும் பொறாமை, சொல்லாவிட்டாலும் பொறாமை. எஞ்சினுக்காகவே சொன்னார் என்று மூன்றாவதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். ‘தையற்காரர் சகலையின் தோளில் கை வைத்து…’ அதற்குமேல் பேனா நகரவில்லை. அப்படியொரு மனசு எனக்கு வாய்த்ததில்லை.

கடைக்கே போய்க் கேட்டேன்.

“வாயத் தொறந்தேன் சார்,” என்றார். “எதுக்குத் தொறக்கறேன்னு அப்ப எனக்கே தெரியல.”

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை. ஆகவே நீங்கள்தான். உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர், எவரை நினைத்தால் உங்களுக்கு எரியுமோ அவரே, எதிரில் நின்று கேட்கிறார்: தப்பு ஏதாவது இருக்கா? வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். சொல்லுங்கள்.