நாற்பது நிமிடம் நின்ற மோட்டார்

தூண்டில் கம்பு செய்பவர் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி அதே இடத்தில் போனுக்குச் சார்ஜ் போட்ட நாற்பதாவது நிமிடத்தில், அவர் மனைவி ஒரு சாண் கீழே வழிந்திருந்தாள். அப்போது காலை மணி ஒன்பது. கம்பில் வளையங்களை நூலால் கட்டி, நூல்கட்டின்மேல் எபாக்சிப் பசை பூசி, மோட்டாரில் மாட்டி, நிமிடத்துக்கு ஆறு சுற்று வீதம் எட்டு மணிநேரம் சுற்றவிட வேண்டும். நின்றால் பூச்சு அடிப்பக்கம் இறங்கித் தொப்பை போட்டு, அப்படியே கெட்டியாகிவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் மாறாது. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் இந்தப் பாடத்தை எடுத்தவர் அவர்தான். வழிவது கம்பு மட்டும்தான் என்று நம்பியவரும் அவர்தான்.

பட்டறை ஜன்னல் கம்பிகளும் வழிந்து தொங்கின. (இன்றும் தொங்குகின்றன, துணி காயப்போட வசதி.) பட்டறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளின் கன்னம் தோளில் கிடந்தது, விரல்கள் முழங்காலைத் தாண்டியிருந்தன. வாசலில் எதிர்வீட்டுக்காரரோடு வெட்டி அரட்டை அடித்ததால் அவர் மட்டும் தப்பினார்.

டாக்டர் போனில், வெயில் என்றார். ஓடிவந்த மச்சினனிடம் கம்புக்காரர், "என்னாலதானேடா?" என்று கேட்டார். "விடுங்க அத்தான், வீடு ஓதம்" என்றான் அவன். இருவரும் அவளை ஏணியோடு சேர்த்து, சுற்று மேல் சுற்று ஏறாமல், வளையம் கட்டும் அதே நேர்த்தியோடு போர்வைகளால் கட்டினார்கள். தலைமாட்டை அவரும் கால்மாட்டை மச்சினனும் பிடித்து, ஸ்டூல்களின்மேல் சுற்றத் தொடங்கினார்கள். பத்து நொடிக்கு ஒருமுறை அவள் முகம் மேலே வந்தது. பேச்சும் அப்படித் தவணையில்தான் வந்தது.

"ஏங்க..."

"அடுப்புல..."

"பால்."

ஏணியை விட்டுப் போக இருவருக்கும் துணிச்சலில்லை. தீய்ந்த வாடை மதியம்வரை இருந்தது.

"என்னாலதானா? சொல்லு."

"இப்ப..." என்று போனாள். "அதுவா..." என்று வந்தாள். "முக்கியம்?" வாய் தளர்ந்து, சொற்கள் இழுபட்டு இழுபட்டு விழுந்தன.

ஒரு மணிக்குப் பிறகு பேச்சு நின்றது. கண் திறந்த முகம் வரும், போகும், அவ்வளவுதான். கிண்ணத்தில் மிஞ்சிய எபாக்சியை அவ்வப்போது ஒரு கையால் நகம் வைத்து அழுத்திப் பார்த்தார். தடம் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. வாய் மூடியபடியே இறுகிவிட்டால்? அவளிடம் இதுவரை கேட்காமல் விட்டதையெல்லாம் எண்ணத் தொடங்கி, பாதியில் பயந்து நிறுத்தினார்.

நாலரைக்கு நகம் பதியவில்லை. கன்னம் கன்னத்தின் இடத்தில் இருந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் நீளம் குறையாமல் உறைந்துவிட்டது. அந்த வருடத்திலிருந்து வீட்டில் எட்டாத பரண் என்று எதுவும் இல்லை. உதடு திறக்குமா? அது தெரியவில்லை. வேறு என்ன கேட்பதென்று தோன்றாமல் அதையே கேட்டார்.

"என்னாலதானே?"

முகம் கீழே போயிற்று. பத்து நொடி. "விடுங்க அத்தான்..." என்று மச்சினன் ஆரம்பித்தான்.

முகம் மேலே வந்தது.

"ஆமா," என்றாள், எழுத்து எழுத்தாக. "உங்களாலதான்."