சதகுப்பைப் பாத்தி

சந்தோஷ்குமார் குவைத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிற சமயத்தில், அவனோடு பேச சிம்ரனுக்கு விஷயம் தீர்ந்துபோயிருந்தது. தினமும் சாயங்காலம் ஏழரைக்கு வீடியோ கால் வரும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இங்கே வெயில். நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

கல்யாணமான எட்டாவது மாதத்தில் விமானம் ஏறியவன் அவன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள், பின்பக்கம் கொஞ்சம் மண்தரை இருந்த வாடகை வீட்டில் அவள் தனியாக இருந்தாள். பட்டுக்கடைகளிலிருந்து வரும் புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டுவது அவள் வேலை. இழை பிரித்து முடிச்சுப் போடுகிற வேலைக்கு வாய் தேவையில்லை. சில நாள் சாயங்காலம் ஃபோனை எடுத்து "சொல்லுங்க" என்னும்போது தொண்டை கரகரக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் அவன் வழக்கத்தை மாற்றினான்.

"இன்னைக்கு இங்க சோயாக்கீரை போட்டு கறி செஞ்சாங்க சிம்மு. ஹைதராபாத்காரர் ஒருத்தர் கீறாரு. இன்னா வாசனை தெரியுமா? நம்ம ஊர்ல அந்த மாதிரி கீரையே இல்ல."

பல மாதங்களாக அவள் காணாத ஒரு களை அவன் முகத்தில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு லீவில் வருவதாகச் சொல்லியிருந்தான். வந்ததும் அந்தக் கறியைச் செய்து போட்டுவிடுவது என்று அவள் அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

மார்க்கெட்டில் கீரை விற்கும் எல்லம்மாளுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. "சோயாவா? அது கொட்டைமா. மளிகைக் கடைல கேளு" என்று அனுப்பிவிட்டாள். ஃபோனில் படத்தைத் தேடி எடுத்து நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் காட்டியபோதுதான் விடை கிடைத்தது.

"இது சதகுப்பைமா. புள்ள பெத்தவங்களுக்கு லேகியத்துல சேப்பாங்க. வெதை இருக்குது. எலைய இங்க யாரும் துன்றதில்ல, அதான் மார்க்கெட்டுக்கு வர்றதில்ல. வேணும்னா வெதைச்சுப் பாரு."

ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். பின்பக்கத்து மண்ணைக் கொத்தி, அவரைக்கு ஊன்றுவது போல விரல் ஆழத்துக்குக் குழிபோட்டு விதைத்தாள். பதினைந்து நாளாகியும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. விசாரித்துப் பார்த்ததில், அதற்கு வெளிச்சம் பட வேண்டுமாம்; மேலே தூவி, உள்ளங்கையால் அமுக்கிவிட்டால் போதுமாம். அப்படியே செய்தாள். மழை அடித்துக்கொண்டு போகாமல் பழைய கொசுவலையைக் கட்டினாள். எறும்பு விதையைத் தூக்கிப் போவதைப் பார்த்து, சுற்றிலும் மஞ்சள்தூள் போட்டாள். பத்தாம் நாள் காலையில் பச்சை நூல் போல இரண்டிரண்டாக எழும்பி நின்றன.

"மொளச்சிருச்சுங்க!" என்று ஃபோனை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அன்றிலிருந்து நாலு நிமிடம் இருபது நிமிடமானது. இன்றைக்கு எவ்வளவு உயரம், இலை எப்படிப் பிரிகிறது, எந்தப் புழு வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். நெருக்கமாக இருந்த நாற்றுகளைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டபோது ஒன்று பாக்கியில்லாமல் வாடிப்போனதையும் சொன்னாள்.

"அத புடுங்கி வேற எடத்துல வெச்சா தாங்காதாம். ஆணிவேராம்."

"அப்படியா" என்றான் அவன், குரலைத் தணித்து.

டிசம்பர் பாதியில் லீவு ரத்தானது. பொங்கலுக்குக் கண்டிப்பாக வருவதாகச் சொன்னான். செடியோ முழங்கால் உயரம் வளர்ந்து மயிலிறகு போல நின்றது. தன் ஒருத்திக்காக அதைக் கிள்ளிச் சமைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்டு நீண்டு, குடை குடையாக மஞ்சள் பூ வைத்து, இலை சிறுத்துவிட்டது. பொங்கலுக்கு என்று பக்கத்திலேயே இன்னொரு பாத்தி போட்டாள். பொங்கலும் தள்ளிப்போனது, அந்தப் பாத்தியும் பூத்தது. வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அவள் அம்மா, "யாருக்குமா இத்தினி தண்ணி ஊத்தற?" என்று கேட்டாள். சிம்ரன் மூன்றாவது பாத்திக்கு மண்ணைக் கொத்தினாள்.

மார்ச்சில் அவன் வந்தேவிட்டான். இளைத்திருந்தான். இரண்டு நாள் தூங்கினான். வெயிலில் சாண் உயரத்துக்கு மேல் எழாத மூன்றாவது பாத்தியை அவள் மொத்தமாக அறுத்து, ஆட்டுக்கறியோடு வதக்கி, மூன்றாம் நாள் மத்தியானம் பரிமாறினாள்.

முதல் வாய் எடுத்ததும் அவன் முகம் சுளித்தது. "இன்னா சிம்மு, மருந்து மாதிரி வாசனை அடிக்குது?"

"சோயாக்கீரைங்க."

"ஓ." சாப்பிடத்தான் பார்த்தான். ஆனால் விரல் அதுபாட்டுக்குக் கீரையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியது.

"நீங்கதான நல்லாருக்குதுன்னு சொன்னீங்க?"

அவன் கையை எடுத்துவிட்டான். "நான் துன்னவே இல்ல சிம்மு. அந்த ஹைதராபாத்காரரு பக்கத்து ரூமு. வாசனைதான் வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு சொன்னீங்க?"

"உங்கிட்ட சொல்ல வேற ஒண்ணும் இல்ல. காலைல சைட்டுக்கு வண்டில ஏத்தினு போவாங்க, சாயங்காலம் கொண்டாந்து எறக்குவாங்க. டெய்லி அதையே சொன்னா நீ போனை வெச்சிருவ. அதான் வாய்க்கு வந்தத சொன்னேன்."

"நான் வெதைச்சப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்பிடி சொல்றது? நீ அப்பதான் பேசவே ஆரம்பிச்ச. எறும்பு தூக்கினு போச்சு, மொளச்சிச்சுன்னு. அந்த மூணு மணி வெயில்ல நின்னுக்கினு, இன்னைக்கு செடி எவ்ளோ வளந்திருக்கும்னு நெனச்சிக்கினு இருப்பேன். அதைப்போய் நானே நிறுத்தணுமா?"

அவளுக்குக் கோபம் வந்தது. அதே சமயம் அது யார்மேல் என்று தெரியவில்லை. பேச விஷயமில்லாமல் தவித்தது தான் ஒருத்தி மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவன் ஒதுக்கி வைத்த கீரையை எடுத்து வாயில் போட்டாள். ஐந்து மாதம் வளர்த்தவள் அதை அன்றைக்குத்தான் ருசி பார்த்தாள். சோம்பு வாசனையும் லேசான கசப்புமாக இருந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது.

"உங்களுக்கு முட்டை பொரிச்சுத் தரட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம். உக்காரு."

இருபத்திரண்டாவது நாள் அவன் திரும்பிப் போனான். பாத்தி சும்மா கிடந்தது. அந்த வெயிலில் எதுவும் முளைக்காது. ஏழரைக்கு ஃபோன் வந்தது. முதுகு வலிப்பதாகச் சொன்னான், ஆறு மாதமாக வலிப்பதாக. இத்தனை நாளும் அதைச் சொன்னதில்லை. அவள் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் குஞ்சத்தைக் கையில் எடுத்தாள். முடிச்சுப் போடுவதை அவன் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை, "அந்த செவப்பு நல்லாருக்குது" என்றான்.