கைக்கணக்கு

செவலைக்குக் கிட்னி கெட்டுவிட்டது என்று கால்நடை மருத்துவர் ஆன்மேரி சொன்னதும் சோணை கேட்ட முதல் கேள்வி, "அப்ப சோத்துக்கு என்ன பண்ண?" என்பதுதான்.

"வீட்டுலயே தனியா ஆக்கிப் போடுங்கண்ணே. அரிசியக் குழைய வேகவச்சு, சுரைக்காய், முட்டை வெள்ளைக்கரு, கோழிக்கறி ரெண்டு துண்டு. மசாலா, வெங்காயம், எலும்பு ஆகாது. உப்பு ஒரு கல்லுகூடப் படக்கூடாது. இதுவரைக்கும் என்ன போட்டீங்க?"

சோணை கல்யாணச் சமையல் மாஸ்டர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கொட்டாம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் எச்சில் இலைக் குவியலுக்குள் குட்டி நாயாகக் கிடந்த செவலையை அண்டாக்களோடு வண்டியில் ஏற்றி, செல்லூர் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து அதற்குப் பிரியாணி மிச்சமும் குழம்பு ஊறிய எலும்பும்தான். நோயையும் சேர்த்து ஆக்கிப் போட்டது தான்தான் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. இனி ஒழுங்காக ஆக்கிப்போட்டுக் காப்பாற்றுவதும் தன் பொறுப்பு என்று நினைத்தான்.

முதல் நாள் அவன் மனைவி பாண்டீஸ்வரி பொங்கி வைத்தாள். செவலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மறுவேளை சோணையே அடுப்படியில் நின்றான். சட்டி காலியானது.

"பாத்தியா? ஆயிரம் இலைக்கு ஆக்குற கை இது."

"பாத்தேன், பாத்தேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போயி ஒரு மாலை வாங்கியாரேன், கையில போட்டுக்க."

அதன்பிறகு அவளை அந்தச் சட்டிப் பக்கமே விடவில்லை. மூன்று வாரம் வேளை தவறாமல் ஆக்கினான். செவலையும் மிச்சம் வைக்காமல் தின்றது. ஆனால் நாளுக்கு நாள் உடம்பு வற்றியது, கால்கள் வீங்கின. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்த ஆன்மேரி உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தத்துல கழிவு கூடியிருக்கேண்ணே. வீட்டுல யாரோ உப்பு போட்டு வைக்கிற மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சோணை கத்தினான். "எனக்குத் தெரியாம கொழம்பு ஊத்துறியாடி? எத்தன நாளா நடக்குது இது?"

மறுநாள் காலையில் பாண்டீஸ்வரி முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து உருவத் தொடங்கினாள்.

சோணை போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு சுரைக்காய் நறுக்கினான். எழுமலைக் கல்யாணத்துக்கு எம்புட்டுக் கறி வேண்டும் என்று கூட்டாளி அழகுராஜாவிடம் பேசிக்கொண்டிருந்தான். சோறு நுரைத்துப் பொங்கியது. இடது கை அடுப்பைத் தணித்தது. வலது கை பக்கத்திலிருந்த ஜாடிக்குப் போய்வந்து சட்டிக்கு மேல் விரிந்தது.

"ஏய்யா, இப்ப என்ன போட்ட?" என்றாள் பாண்டீஸ்வரி.

"என்னத்தப் போட்டேன்?"

"கையப் பாரு."

ஈர உள்ளங்கையில் கல் உப்பு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சோணை கரண்டியில் கஞ்சியை எடுத்து வாயில் விட்டான். உப்பு சரியாக இருந்தது. முப்பது வருடமாக எப்படி இருக்குமோ, அப்படியே.

எதிர்முனையில் அழகுராஜா, "மாப்ள, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சோணை போனை அணைத்தான். சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தான்.

"நீயே ஆக்கு," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான்.

அவள் ஆக்கினாள். செவலை சட்டியைத் தாண்டி வந்து அவன் கையை முகர்ந்தது. அன்றும் தின்னவில்லை, மறுநாளும் தின்னவில்லை.

"கொஞ்சூண்டு உப்பு போட்டாத் தின்னுரும்ல?"

"தின்னும். அப்பறம்?"

அவன் செவலையின் வீங்கிய காலைத் தடவினான்.

மூன்றாம் நாள் எழுமலைக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. மண்டபத்தில் அரிசி உலை கொதித்தபோது அழகுராஜாவைக் கூப்பிட்டான்.

"உப்ப நீ போடு மாப்ள."

"என்ன மாப்ள, கையில எதுவும் சுளுக்கா?"

"போடுறா. போட்டதும் சத்தமாச் சொல்லு."

பந்தி முடியும் நேரத்தில் பாண்டீஸ்வரி போன் செய்தாள். "பாதி தின்னுச்சு."

"என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல. பசி தாங்காமத் தின்னுச்சு. தின்னுட்டு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கு."

அழகுராஜா வழக்கம்போல எலும்பும் சோறும் நிறைந்த வாளியைக் கொண்டுவந்து வண்டி ஓரம் வைத்தான். "செவலைக்கு இன்னைக்கு வேட்டைதான்."

சோணை வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனான். இலைக் குழியில் கொட்டினான். தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டு, வாளியில் குழம்பு வாசம் போகும்வரை தேய்த்தான். பிறகு தன் கைகளையும் தேய்த்தான். அழகுராஜா வண்டியிலிருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அதற்குப் பிறகும் சோணை கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.