வெட்டாத நாடா

மானிட குலத்தின் கண்ணீரைத் துடைப்பதே எட்டாம் வாய்க்கால் சமூக சேவைச் சங்கத்தின் ஒரே நோக்கம். சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பின் முதல் வாக்கியம் அப்படித்தான் முழங்கியது. ஆனால் ஞாயிறு பின்னேரக் கூட்டங்களில் இதுவரை துடைக்கப்பட்டது பெரும்பாலும் மேசைதான். மழை பெய்தால் வாசிகசாலையின் கிடுகுக் கூரை சரியாக மேசைக்கு மேலே ஒழுகும். அதைத் துடைத்துவிட்டு, போன கூட்டத்து அறிக்கையை வாசித்து, அதில் ஒரு பிழை பிடித்துத் திருத்தி, தேத்தண்ணி குடித்துக் கலைவார்கள்.

யாப்பை எழுதியவர் தலைவர் ஐயாத்துரை. யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வன்னிக்கு வந்தவர். மண்வெட்டி அவருக்குக் கைவரவில்லை. வயலை மனைவி விமலேஸ்வரி பார்த்துக்கொண்டாள். கூட்டம் நடத்துவது மட்டும் அவருக்குப் பிறவியிலேயே வந்திருந்தது. கைபிடி வைத்த ஒரே கதிரையிலிருந்து எழுந்து, தொண்டையைச் செருமி, "கனவான்களே" என்று அவர் தொடங்கினால், வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் சேறு படிந்த கால்களை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பகல் முழுக்க நாற்று நட்டவர்களுக்கு வாரத்தில் ஒருமுறை கனவான்களாக இருப்பது பிடித்துத்தான் இருந்தது.

சங்கத்தின் பெருமை ஒரு ஸ்ட்ரெச்சர். யுத்த காலத்தில் பட்டாளத்தார் விட்டுப்போனது; பச்சைக் கன்வஸ், நாலு கைபிடி. மாரியில் எட்டாம் வாய்க்கால் பாதை வெள்ளத்துக்குள் போய்விடும். கார் மதகடியைத் தாண்டி இங்கால் வராது. நோயாளியை அதுவரை தூக்கித்தான் போகவேண்டும். அதற்கென்றே ஏலத்தில் வாங்கினார்கள். செயலாளர் மயில்வாகனம் அதற்குக் குறுக்கே ஒரு சிவப்பு நாடா கட்டினார். அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் வந்து நாடாவை வெட்டித் திறந்து வைப்பதென்று முடிவானது. அதுவரை வாசிகசாலை அலுமாரிக்குள் நிறுத்திப் பூட்டி, பூட்டின் திறப்பைத் தலைவர் தன் சட்டைப்பைக்குள் ஊசியால் குத்திக்கொண்டார். பெரியவர் இரண்டு தரம் புறப்பட்டும் வந்துசேர முடியவில்லை. பாதையில் வெள்ளம்.

இதற்கிடையில் ஒரு கூட்டத்தில், பின்வரிசை வாங்கிலிருந்து சின்னராசா எழும்பினான்.

"தலைவர், அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல். எழும்பி இருக்க மாட்டாவாம். மதகடி மட்டும் கொண்டுபோக அந்தச் சாமானைத் தாங்கோ."

"தரமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை, சின்னராசா. ஆனால் முதலே பாவிச்சுப்போட்டால் பெரியவர் வந்து எதைத் திறக்கிறது?"

"அவர் திறக்கட்டும். அம்மா படுத்தெழும்பினது அவருக்கென்னெண்டு தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!"

இதற்குக் கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்களில் பாதிப்பேருக்குச் சின்னராசாவின் தாய் உறவுமுறை. ஆனாலும் அது கைதட்டவேண்டிய இடம்போல இருந்தது. வாக்கெடுத்தார்கள். சின்னராசாவின் கை மட்டும் தனியே நின்றது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இறங்கியது. கிழவியைத் தலைவருடைய கதிரையில் இருத்தி, தடி கட்டித் தூக்கிப் போனார்கள். அவ கெட்டிக்காரி, சுகமாகி வந்துவிட்டா. "பாத்தியளோ?" என்றார் ஐயாத்துரை, சட்டமே காய்ச்சலை மாற்றியதுபோல.

விமலேஸ்வரி இதைக் கேட்டு அடுப்படியில் இருந்து சிரித்தாள்.

"நாடா வெட்டாத கட்டிலிலை படுத்தால் வருத்தம் மாறாதோ?"

"உனக்குச் சட்டம் விளங்காது."

"ஓம். எனக்கு நெல்லுத்தான் விளங்கும். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ."

கார்த்திகை அடைமழையில் ஒருநாள் அவள் வயலிலிருந்து வயிற்றைப் பிடித்தபடி வந்தாள். சூட்டுக்குணம் என்றாள், சீரகத்தண்ணி குடித்தாள். மறுநாள் மத்தியானம் பாயில் சுருண்டு கிடந்தாள். நிமிர்த்தி இருத்தப் பார்த்தால் கத்தினாள். நாலு பிள்ளைப்பேற்றிலும் அவள் கத்தி அவர் கேட்டதில்லை. செய்தி கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் வந்தவன் சின்னராசா. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நனைந்த கையைத் துடைத்து நீட்டினான்.

"திறப்பைத் தாங்கோ, தலைவர். அக்காவை இருத்திக் கொண்டுபோகேலாது."

அந்தக் குரலில் ஒரு குத்தல் இருந்திருந்தால் ஐயாத்துரைக்குக் கோபம் வந்திருக்கும். கோபத்தில் திறப்பை எடுத்து எறிந்திருப்பார். குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் அவரைத் தடுத்தது. ஊரான் தாய்க்குக் கதிரை, தன் பெண்சாதிக்குக் கட்டிலோ என்று யாரும் கேட்கப்போவதில்லை, நினைப்பார்கள். இனி "கனவான்களே" என்று எழும்பும்போதெல்லாம் வாங்குகளில் அந்த நினைப்பும் குந்தியிருக்கும். கை சட்டைப்பைக்குப் போனது. திறப்பு உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. தான் மிகவும் உயர்ந்த ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றும்போது வழக்கமாக வரும் இதம் மட்டும் வரவில்லை.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். கதிரையை எடுத்து வாங்கோ."

மயில்வாகனம் நிலத்தைப் பார்த்தார். பாயிலிருந்து விமலேஸ்வரியின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ... அந்த நாடாவை நானே வெட்டிவிடட்டே?"

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறு. மதகடி கிட்டத்தானே," என்றார்.

வாசிகசாலையில் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்த கதிரையை எடுத்து வந்து, தடி வைத்துக் கட்டினார்கள். அவளை மடக்கி இருத்தினார்கள். முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் கைபிடியை இறுக்கினாள். படுக்கவிடுங்கோ, வரம்பிலெண்டாலும் படுக்கவிடுங்கோ என்று கேட்டாள். வரம்பு தெரியவில்லை, எங்கும் வெள்ளம். ஐயாத்துரை குடையை அவளுக்குப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தார். மதகை நெருங்கும்போது அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆசுபத்திரியில் டாக்குத்தர் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ளுக்கை குடல்வால் வெடிச்சிட்டுது. ஏன் இருத்திக் கொண்டு வந்தனீங்கள்? படுக்க வைக்க ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"வெள்ளம், ஐயா," என்றார் ஐயாத்துரை. அது பதில் இல்லை. பதில்போல ஒலிக்கச் செய்வதில் அவருக்கு நீண்ட பழக்கம் இருந்தது.

அடுத்த நாள் காலை விமலேஸ்வரி போய்விட்டாள்.

எட்டுச் சடங்கு முடிந்த ஞாயிறு அவர் கூட்டத்துக்கு வரமாட்டார் என்று நினைத்தார்கள். வந்தார். சலவைச் சட்டை, பையில் ஊசி, ஊசியில் திறப்பு. கதிரையைக் கழுவி அதன் இடத்தில் வைத்திருந்தார்கள். கைபிடிகளில் கயிறு அறுத்த தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல் கை வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். மயில்வாகனம் அனுதாபத் தீர்மானத்தை வாசித்தார். தன் இல்லத்துக்கும் சட்டத்தைத் தளர்த்தாத தலைவரின் மாண்பு பற்றி அதில் ஒரு வாக்கியம் இருந்தது. போன மாதமாக இருந்தால் ஐயாத்துரை அந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லியிருப்பார். பிறகு மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழுந்தார்கள்.

மௌனத்தை முடித்துவைப்பது தலைவரின் வேலை. அவர் தொண்டையைச் செருமி "நன்றி, கனவான்களே" என்றால்தான் எல்லாரும் குந்துவார்கள். அன்று அவர் செருமவில்லை. தலைகுனிந்து நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். கூரை மேசையில் ஒழுகியது. துடைக்க ஒருவரும் போகவில்லை. யாரோ காலை மாற்றி நின்றார்கள். மயில்வாகனம் இருமுவதுபோல வாயைத் திறந்து, அது தன் வேலையல்ல என்று நினைத்து மூடிக்கொண்டார். துக்கம் முடிந்து சங்கடம் தொடங்கி, அதுவும் முடிந்து, அவர்கள் வெறுமனே நின்றுகொண்டிருந்தார்கள்.

வெளியே காற்று மழையைத் திருப்பியடித்தது. அலுமாரிக் கதவு முனகிக்கொண்டு தானாகத் திறந்தது. உள்ளே பச்சைக் கன்வஸ், அதன் குறுக்கே சிவப்பு நாடா. ஐயாத்துரை தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் விரல்கள் சட்டைப்பையிலிருந்த ஊசியைத் தடவின. ஊசி பூட்டியபடியே இருந்தது, திறப்பும் அதில்தான்.

சின்னராசா வரிசையிலிருந்து விலகிப் போனான். கீழே விழுந்திருந்த பழைய சிகரெட் பெட்டி மட்டையை எடுத்தான். முழங்காலால் கதவைத் தள்ளி, மட்டையை இரண்டாக மடித்து இடுக்கில் செருகினான். பலதரம் செய்து பழகியவனைப்போல, பார்க்காமலே செய்தான். திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பூட்டு வாங்கின நாளிலிருந்தே பிடிப்பதில்லை. தலைவர் திறப்பை அவ்வளவு ஆசையாகக் குத்திக்கொண்டு திரிந்ததால் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.