தை மாதத்துத் தீ

சுடலைவடிவு மேட்டுச் சரிவில் குனிந்து ஒரு பிடி புல்லை அடியோடு பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான், கீழே வீட்டில் அவள் புருஷன் பிச்சைக்கண்ணுவின் உயிர் போயிருக்க வேண்டும். கிழக்கே ஆற்றுப்பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது. பனியில் நனைந்த சேலை முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டிக்கொண்டு நடக்க விடவில்லை.

அவளை அனுப்பியதே அவர்தான். பன்னிரண்டு நாளாகக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாகக் கிடந்த மனுஷன், கோழி கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து அவள் கையைத் தட்டி எழுப்பினார்.

"மேட்டுல நாலு எடத்துல புல்லு புடுங்கிட்டு வா. அடித்தாள்ல ஈரம் எம்புட்டு நிக்குன்னு பாக்கணும்."

"விடியட்டும். கஞ்சி வச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

"விடிஞ்சா பனி காஞ்சிரும், ஒண்ணும் தெரியாது. இப்பமே போ. பைய போ, வழுக்கும்."

திரும்பி வரும்போது நாலு பிடியையும் கலந்துவிடாமல் விரலிடுக்கில் பிரித்துப் பிடித்திருந்தாள். வாசலில் நுழையும்போதே சொன்னாள்.

"உச்சியில நல்லாக் காஞ்சு கெடக்கு. ஓடைக்கரையிலதான் ஈரம்."

பதில் வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். கண் பாதி திறந்திருந்தது. கம்பளிக்கு வெளியே கிடந்த கையைத் தொட்டபோது இன்னும் சூடு இருந்தது. மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்துப் பார்த்தாள்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து உச்சிப் புல்லில் ஒரு தாளை எடுத்து ஒடித்தாள். பட்டென்று ஒடிந்தது. ஓடைக்கரைப் புல் வளைந்து கொடுத்து, அப்புறம் நார் நாராகப் பிரிந்தது. தீ வைக்க அவர் சொல்லும் பக்குவம் அதுதான். மேலே காய்ந்திருக்க வேண்டும், கீழே ஈரம் நிற்க வேண்டும். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் அவள் வாய்விட்டு அலறினாள்.

கீழக்கரடு முப்பது வீட்டு ஊர். எல்லாம் பனையோலைக் கூரை. ஊருக்கு மேற்கே புல் சரிவு, சரிவின் தலைமாட்டில் காட்டு இலாகாவின் காடு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில், ஆளுயரம் காய்ந்து நின்ற புல்லில் எங்கிருந்தோ தீப்பிடித்து, ஒரே மத்தியானத்தில் மேலே காட்டையும் கீழே பதினோரு வீட்டையும் தின்றுவிட்டது. பிச்சைக்கண்ணுவின் தம்பி கருத்தையாவின் பெண்டாட்டி கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடப் போனவள் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. ஊர்தான் தீ வைத்தது என்று இலாகாக்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம் ஒரு மாட்டைக்கூட மேலே ஏறவிடவில்லை.

அந்தத் தீக்குப் பிறகுதான் பிச்சைக்கண்ணு நடக்க ஆரம்பித்தார். ரேஞ்சர் கல்லிடைக்குறிச்சியில் முகாம் போடும்போதெல்லாம் போய்க் கைகட்டி நின்றார். பங்குனியில் தானாகப் பிடிக்கப்போகும் தீயை, தை மாதத்தில் பனி ஈரம் இருக்கும்போதே நாமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிட்டால் காடும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும். இந்த ஒரே பேச்சை நாலு வருஷம் பேசினார். காட்டோரம் நெருப்புப்பெட்டியோடு நின்றாலே பிடித்துக்கொண்டு போகிற காலம். சிரித்தவர்கள் உண்டு, விரட்டியவர்கள் உண்டு. கடைசியில் திருநெல்வேலியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. வருஷத்தில் இரண்டே நாள், பாரஸ்டர் முன்னிலையில், பிச்சைக்கண்ணுவின் பொறுப்பில். அப்படி நடக்கத் தொடங்கிய பிறகு பங்குனி சித்திரையில் ஊர் பயமில்லாமல் தூங்கியது.

இந்த வருஷத்து இரண்டு நாளில் முதல் நாள் நேற்று. படுக்கையிலிருந்தே கூரை ஓலை படபடப்பதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிரு" என்றார். மிச்சம் இருந்தது இன்றைக்கு ஒரு நாள்தான்.

வெயில் ஏறுவதற்குள் ஊர் கூடிவிட்டது. சேரன்மகாதேவியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் அன்னத்தாயிடம் சொல்ல, ஓர் ஆள் காலை ரயிலைப் பிடிக்க ஓடினான். பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தபோது பாரஸ்டர் தேவசிகாமணி ஒரு காட்டுக் காவலருடன் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர். தெருமுனையிலேயே ஒப்பாரிச் சத்தம் கேட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கருத்தையாதான் எதிரே போனான்.

"எங்கண்ணன் போயிட்டான்யா. இன்னைக்கு ஒண்ணும் கெடையாது. வேற தேதி வாங்கிட்டு வாங்க."

தேவசிகாமணி தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "எழுதிக் கேக்கலாம். காகிதம் போயித் திரும்ப இருவது நாளாவது ஆவும். மாசி பாதி தாண்டிட்டா ஒருத்தரும் உத்தரவு தரமாட்டாங்க. தரவும் கூடாது, அப்பம் புல்லு வெடிமருந்து மாதிரி நிக்கும். நான் கட்டாயப்படுத்தல, கருத்தையா. சாவு வீட்டுல வந்து இதப் பேசவே எனக்கு நாக்கு கூசுது."

"தூக்குன பெறவு வச்சிக்கிட்டா என்னவே?" என்றார் பக்கத்து வீட்டு முத்துமாலை.

"அன்னத்தாயி வராம எப்படித் தூக்க? அவ வந்து சேர உச்சி ஆயிரும். அதுக்கு மேல காத்து ஒரு வழியில நிக்காது, அண்ணனே சொல்லுவான்." கருத்தையாவின் குரல் உயர்ந்தது. "பொணம் கெடக்கும்போது தெருவுல அடுப்பே பத்தவைக்க மாட்டோம். மலையப் பத்தவைக்கதா?"

உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சுடலைவடிவுக்கு எல்லாம் கேட்டது. இரண்டு பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். புல் இன்னும் அவள் கையில் இருந்தது. முத்துமாலையின் பெண்டாட்டி சொர்ணாம்பாள் அதை வாங்கிப் போடப் பார்த்தாள். விரல் பிரியவில்லை.

அவள் எழுந்து வாசல் நிலையில் வந்து நின்றாள்.

"ஐயா, காத்து இப்பம் எப்படி நிக்கி?" என்று தேவசிகாமணியிடம் கேட்டாள்.

"மைனி, நீங்க உள்ள போங்க" என்றான் கருத்தையா.

"புல்லு சரியா இருக்கு. விடியக்கால பாத்துட்டேன். இன்னைக்கு விட்டா இந்த வருசம் கெடையாது."

"எவன் வைப்பான்? அண்ணனுக்குக் கொள்ளி வைக்கதுக்கு முன்னால எவன் கையால அங்கன போயித் தீ வைப்பான்? சொல்லச் சொல்லுங்க."

முத்துமாலை தரையைப் பார்த்தார்.

"நா வைக்கேன்" என்றாள் சுடலைவடிவு.

சொர்ணாம்பாள் பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? தலைமாட்ட விட்டு எந்திரிக்கப்படாது. நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாக?"

அவள் உள்ளே போனாள். அவருடைய மார்பு வரை இருந்த வேட்டியைச் சரி செய்தாள். தலைமாட்டு விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். "மதினி, வெளக்கு அணையாம பாத்துக்கிடுங்க" என்று சொர்ணாம்பாளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் சரிவைப் பார்த்து நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. முத்துமாலை வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர், பச்சைக் கொப்புகளை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கருத்தையா வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் அவன் கல்லிடைக்குறிச்சிக்குப் போய்விடுவான். ஏன் என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை.

காட்டின் விளிம்பை ஒட்டி, பதினைந்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி மண் தெரியக் கோடு போட்டிருந்தார்கள். போன வாரம் ஊர் சேர்ந்து செய்த வேலை. சுடலைவடிவு ஒரு கை புழுதியை எடுத்து உயரத்திலிருந்து விட்டாள். அது மெல்லக் காட்டுப்பக்கம் சாய்ந்தது. அப்படியானால் கோட்டுக்குக் கீழே வைக்கிற தீ மேலே போகப் பார்த்துக் கோட்டில் முட்டி நிற்கும். அப்புறம் வேறு வழியில்லாமல் காற்றுக்கு எதிராக, பைய, சரிவில் இறங்கும்.

தேவசிகாமணி நெருப்புப்பெட்டியை நீட்டினார். கையிலிருந்த நாலு பிடிப் புல்லையும் சேர்த்து முறுக்கி அவள் பற்றவைத்தாள். அதைத் தாழப் பிடித்துக்கொண்டு கோட்டின் ஓரமாகவே நடந்தாள். பின்னால் தீ ஒரு வரிசையாக எழுந்தது. முழங்காலுக்கு மேல் அது உயரவில்லை. சடசடவென்று தின்றுகொண்டு, அவசரமில்லாமல் கீழே இறங்கியது.

தீ பிடித்துக்கொண்டதும் அவள் முதுகைத் தீக்குக் காட்டிக் காட்டைப் பார்த்து நின்றாள். அவர் அப்படித்தான் நிற்பார். "தீய எம் முதுகு பாத்துக்கிடும். பொறி எங்க விழுதுன்னுதான் கண்ணு பாக்கணும்" என்பார். முதுகு சுட்டது. இத்தனை வருஷம் இந்தச் சூட்டைத்தான் அவர் முதுகில் வாங்கியிருக்கிறார். ராத்திரி அவள் எண்ணெய் தடவிவிடும்போது ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாதிச் சரிவு கறுத்த பிறகு காற்று ஒரு முறை தூக்கியடித்தது. சருகு ஒன்று எரிந்தபடியே கோட்டைத் தாண்டிப் போனதை அவள் கண்டாள். அந்தப் பக்கம் காய்ந்த மூங்கில் புதர். "மேல விழுந்துட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். முத்துமாலையும் மற்றவர்களும் அடுத்த கோடியில் இருந்தார்கள். கொப்பால் அடித்தாள். கொப்பில் இலை கருகிக் குச்சியாகிவிட்டது. பற்றியெரிந்த மூங்கில் தோகையைக் கையால் பிடித்து இழுத்து மண்ணில் போட்டு மிதித்தாள். இன்னொரு தோகை பிடித்துக்கொண்டது.

அப்போது நனைந்த சாக்கு ஒன்று அவளுக்குப் பக்கத்தில் ஓங்கி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. கருத்தையா. எப்போது ஏறி வந்தான் என்று தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய் கோணி, ஏங்கி ஏங்கி மூச்சு வாங்கி அடித்துக்கொண்டிருந்தான். புகை நின்றது. கரியும் மண்ணும்தான் பறந்தன. அவன் நிறுத்தவில்லை.

"அணைஞ்சிட்டு, கருத்தையா."

அவன் அடித்தான்.

"அணைஞ்சிட்டுய்யா. கண்ணத் தெற."

அவன் சாக்கைப் போட்டுவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்தான். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கீழே தீ ஓடை ஈரம் வரை போய், ஒவ்வொரு இடமாக அவிந்துகொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் முப்பது கூரைகளும் அப்படியே இருந்தன. ஒரு வீட்டிலும் அடுப்புப் புகை இல்லை.

கட்டைகளில் கனல் அடங்கும் வரை இருந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தேவசிகாமணி ஒரு பாறை மேல் காகிதத்தை விரித்தார்.

"இதுல பொறுப்பாளின்னு உங்க வீட்டுக்காரர் பேருதான் இருக்கு. அத அடிச்சிட்டு வேற பேரு எழுதணும்மா."

"அது கெடக்கட்டும்யா. கீழ எம்பேர எழுதுங்க."

அவர் பென்சிலால் அப்படியே எழுதினார். அவள் கரி படிந்த கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மைக்கூட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் உச்சியில் நின்றது. பந்தலில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அன்னத்தாய் வந்துவிட்டிருந்தாள். தகப்பன் நெஞ்சில் முகத்தை வைத்துக் கிடந்தவள், தலையைத் தூக்கி, கரி அப்பிய முகத்தோடு நிலையில் நின்ற தாயைப் பார்த்தாள்.

"எங்கம்மா போன? ஐயா தலைமாட்டுல நீ இல்லயே. ஊராள் காத்துக் கெடக்காக, பெண்டாட்டிக்காரியக் காணும். மலையில தீ வச்சிக்கிட்டு இருக்கான்னு சொல்லுதாக. எனக்கு எப்படி இருக்கும்?"

சொர்ணாம்பாள் இடையில் ஏதோ சொல்ல வந்தாள். அன்னத்தாய் விடவில்லை.

"உயிர் போம்போதாவது பக்கத்துல இருந்தியா?"

சுடலைவடிவு வந்து தலைமாட்டில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாய்க்கும் மகளுக்கும் நடுவே பிச்சைக்கண்ணு கிடந்தார்.

வெயில் சாய்ந்த பிறகு தூக்கினார்கள். பிள்ளை ஸ்தானத்தில் நின்று கொள்ளிச்சட்டியைக் கருத்தையா எடுத்துக்கொண்டான். சட்டியை நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். தேவசிகாமணி தொப்பியில்லாமல் கூட்டத்தின் கடைசியில் போனார். பெண்கள் தெருமுனை வாய்க்கால் வரை வந்து நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் அவர்கள் போவதில்லை. மேளச் சத்தம் பனங்காட்டுக்குள் போய்த் தேய்ந்தது.

பிறகு ஒவ்வொருத்தியாக வாய்க்காலில் இறங்கித் தலை முழுகினார்கள். சுடலைவடிவு படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுந்து இறங்கத் தெம்பில்லை என்று தெரிந்ததும் அன்னத்தாய் ஒரு செம்பை வாங்கிக்கொண்டு வந்தாள். மொண்டு தாயின் தலையில் ஊற்றினாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் கறுப்பாக இறங்கி, முதுகு வழியாகப் படியில் ஓடி, வாய்க்காலில் கலந்தது. இன்னொரு செம்பு ஊற்றினாள். அதுவும் கறுப்பாகத்தான் வந்தது. சேலையின் முதுகுப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. மகள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து குந்தி, தாயின் வலது கையை எடுத்து மடியில் வைத்து விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்பளித்திருந்தது.

"எரியுதாம்மா?"

"இல்ல."

அன்னத்தாய் செம்பைத் தாழ்த்திப் பிடித்து, அந்தக் கையில் தண்ணீரை மெதுவாக விட்டுக்கொண்டே இருந்தாள்.