கேட்டில் அலறிய ஹாரன்

அண்ணன் சட்டைக்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்பது பஸ் ஏறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டயர் கடையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து ஒட்டி உலர்ந்த உடம்பு அவனுக்கு. ஒரே ராத்திரியில் தொப்பை எங்கிருந்து முளைக்கும்?

"என்னண்ணா அது?"

"ஒண்ணுமில்ல. பேசாம வா."

கேட்டிருக்கவே வேண்டாம். அது அப்பாவின் ஹாரன்தான்.

அப்பா லாரி டிரைவர். உடைக்கப் போன ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பித்தளை ஹாரன் அது. பின்னால் கைக்கு அடங்காத கறுப்பு ரப்பர் பந்து. ஸ்டேடியத்தில் நம் ஊர் அணிக்குக் கால்பந்து மேட்ச் என்றால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிழக்கு கேலரியில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'பாம்பாம்'.

அப்போதெல்லாம் கேட்டில் டிக்கெட்டைக் கிழிப்பதோடு சரி. கையில் என்ன, பையில் என்ன என்று ஒரு ஈ காக்கை கேட்காது. ஒருவர் வீட்டு நாற்காலியையே தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். எதிர் அணி கோல் போட்டால் முகத்தை மறைத்துக்கொள்வதற்கென்றே இன்னொருவர் குடை கொண்டுவருவார். அம்மா வீடெல்லாம் தேடும் பெரிய பாத்திர மூடி, கேலரியில் யார் கையிலாவது டங்டங் என்று அடிபட்டுக்கொண்டிருக்கும். நம் அணி கோல் போட்டால் ஹாரனை அமுக்கும் பாக்கியம் அண்ணனுக்கு. அவள் இரண்டு கையாலும் முக்கி முக்கி அமுக்குவாள், பந்து மசியாது. "கை வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் அப்பா. கை வளர்ந்தபோது அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போதுதான் அணி மறுபடி மேலே ஏறியிருக்கிறது. முதல் மேட்சுக்கு அண்ணன் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டான். அவளும் தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

கேட்டில் ஆளுயரப் பலகை. பாட்டில், குடை, ஹெல்மெட், தடி, குழல் என்று ஒவ்வொரு படத்தின் மேலும் சிவப்புக் கோடு. காவலாளி அண்ணனின் இடுப்பைத் தடவி, வயிற்றில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

"பாஆம்!"

காவலாளி இரண்டடி பின்னால் துள்ளினார். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு நரைத்த குரல் எழுந்தது: "அட, இது நம்ம பாம்பாமோட சத்தம்டா!"

மேற்பார்வை பார்க்கும் அம்மாள் வந்தார். "சத்தம் போடற சாமான் எதுவும் கூடாது சார். பலகையில போட்டிருக்கு பாருங்க."

"அதுல இருக்கறது ஊதற குழல் மேடம். இது அமுக்கறது."

"அமுக்கினாலும் சத்தம்தானே சார் வருது?" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அந்த டிரம்ல போட்டுட்டுப் போங்க. இல்ல, வெளிய யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க."

டிரம்மில் பாட்டில்களும் குடைகளும் குப்புறக் கிடந்தன. அண்ணன் ஹாரனை மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"குடு. நான் வெளிய இருக்கேன். நீ போய்ப் பாரு."

"நீ?"

"எனக்கு ஆட்டமே புரியாது, போ."

பச்சைப் பொய். அவன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.

கிழக்கு கேலரிச் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர், புதுக் குடையை டிரம்மில் போட மனசு வராத ஒரு டீச்சர். பெஞ்சில் மூன்றாவதாக அவள் உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் கூட்டம் 'ஓ' என்றது, 'ச்சே' என்றது. பந்து எந்தப் பக்கம் போகிறது என்று அந்தச் சத்தத்தை வைத்தே அவளால் சொல்ல முடிந்தது. திடீரென்று சுவரே பெயர்ந்து விழுவதுபோல ஒரு ஆரவாரம்.

"கோல்! அமுக்குங்க மேடம்!" என்று கத்தினார் ஹெல்மெட்காரர்.

அவள் அமுக்கினாள். ஒற்றைக் கைக்கே பந்து மசிந்தது. பாம்! பாம்! சுவருக்கு மேலே ஒரு நொடி எல்லாம் அடங்கியது. பிறகு யாரோ ஒருவர், அடுத்து பத்துப் பேர், அப்புறம் கேலரியின் ஒரு மூலை முழுக்க: "பாம்பாம்! பாம்பாம்!" டீச்சர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மேற்பார்வை அம்மாள் கேட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "வெளிய நடக்கறதுக்கு நான் பொறுப்பில்லப்பா" என்று யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இடைவேளையில் அண்ணன் வெளியே வந்தான்.

"ஏண்ணா வந்தே? திரும்ப உள்ள விடமாட்டாங்களே!"

"தெரியும். பக்கத்து சீட்டு காலியாக் கிடக்கு. கோல் விழுந்ததும் திரும்பிப் பாக்கறேன், கட்டிப்பிடிக்க ஆளில்ல." பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "ரெண்டு டீ போடுங்க."

இரண்டாம் பாதியை இருவரும் காதாலேயே பார்த்தார்கள். எதிர் அணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. அப்போது டீச்சர் குடையை விரித்து எல்லோர் முகத்தையும் மறைத்தார்.

திரும்பி நடக்கும்போது அண்ணன் தான் கண்ட கோலை விவரித்தான். டீக்கடையைத் தாண்டும்போது பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து உதைத்ததாக இருந்த பந்து, பஸ் ஸ்டாப் வருவதற்குள் நடுக்கோட்டிலிருந்து பறந்து வந்ததாக ஆகியிருந்தது. அப்பாவும் வீட்டில் அம்மாவிடம் இப்படித்தான் அளப்பார்.

"நடுக்கோட்டுலேர்ந்தா?" என்றாள்.

"பின்னே? கோல்கீப்பர் அண்ணாந்து பாத்துட்டே நிக்கறான்!"

பஸ் வந்தது. ஜன்னலோரம் அவனுக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். "ம், முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.