நூற்று நாற்பத்து மூன்றுக்குப் பிறகு

...மூன்று மணிக்கு என்றுதான் சுலோஜனா சொன்னாள், ஆனால் மடுல்சீமையிலிருந்து வருகிறவளுக்கு மூன்று என்ன நாலு என்ன, பசறையில் பஸ் மாற வேண்டும், மழை வேறு விட்டபாடில்லை, பாதையில் எங்காவது மண் சரிந்திருந்தால் இன்றைக்கு வரமாட்டாள், வராவிட்டால் நல்லது... இது என்ன நினைப்பு இரகுநாதன், ஐம்பத்தெட்டு வயதில், பார்வையில்லாத ஒரு பெண்பிள்ளை மழையில் வந்து சேராமல் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருக்கிறாயே. எனக்கும் பார்வையில்லை, காதில் இயந்திரக் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது, புவியியல் புத்தகம், மண்ணரிப்பு, சாய்வு, படிகள் வெட்டிப் பயிரிடல், நான் கேட்கும் வேகத்தில் வேறு யாராலும் கேட்க முடியாது, சட்டியில் கடுகு வெடிப்பது மாதிரி இருக்கிறது என்று, பக்கங்களை ஸ்கேன் செய்து தரும் ஜெமீலா சொல்வாள், அதில் ஒரு எழுத்து தவறினாலும் என் விரல் தானாக நிற்கும், பதுளையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் காதால் படிக்கும் புத்தகம் செய்து அனுப்பும் இந்த மாடியறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்காட்டுவதில் எனக்கு ஒரு குஷி இருந்தது. அந்தக் குஷி முந்தாநாளோடு போயிற்று. அறையின் அந்தப் பக்கத்தில் ஜெமீலா ஸ்கேனரின் மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள், ஒரு பக்கம் புரட்டும் சத்தம், மறுபடி மூடி... ஒவ்வொரு புரட்டலையும் இப்போது எண்ணுகிறேன், அது ஒரு தாளா, இரண்டு தாளா, காதால் எப்படிச் சொல்வது.

இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. உயர்தர வரலாற்றுப் புத்தகத்தில் நூற்று நாற்பத்து இரண்டும் நாற்பத்து மூன்றும் விரித்தபடி ஸ்கேனரில் கிடந்தன, அடுத்துக் கிடந்தவை நாற்பத்து ஆறும் ஏழும். நடுவில் இரண்டு பக்கங்கள் போயின. நாற்பத்து மூன்று ‘இதனால் மக்கள்’ என்று முடிகிறது, நாற்பத்து ஆறு ‘பெரும் துன்பத்துக்கு உள்ளாகினர்’ என்று தொடங்குகிறது, எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள், வரலாற்றுப் புத்தகத்தில் மக்கள் எந்தப் பக்கத்தில்தான் துன்பத்துக்கு உள்ளாகவில்லை, நானும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். பக்க எண் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். எண்களை எடுக்கச் சொன்னவன் நான். கண் தெரிகிறவர்கள் பக்க எண்ணைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள், காதால் படிக்கிறவனுக்கு அது வசனத்தின் நடுவில் வந்து விழுகிறது, ‘மன்னன் நூற்று முப்பத்தொன்று தப்பியோடினான்’ என்று இயந்திரம் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆகவே எல்லா எண்ணையும் தலைப்பையும் அழித்துவிட வேண்டும் என்று நிலையத்துக்கே சட்டம் போட்டேன். பக்கம் விட்டுப்போனால் எப்படித் தெரியும் என்று அன்றைக்கே ஜெமீலா கேட்டாள். அதற்குத்தானே நான் இருக்கிறேன் என்றேன். அவள் அதை இந்த இரண்டு நாளில் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை, ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம்.

சுலோஜனாவுக்கு இது இரண்டாம் தடவை. முதல் தடவை பரீட்சை நேரத்தில் காய்ச்சல், அதை விடுவோம். இந்தத் தடவை மற்ற இரண்டு பாடமும் சித்தி, வரலாறு மட்டும் போயிற்று. பெறுபேறு வந்த அன்று தொலைபேசியில் அழாமல்தான் பேசினாள், வெள்ளையருக்கு எதிரான ஊவாக் கிளர்ச்சி ஏன் தோற்றது என்று ஒரு பெரிய கேள்வி, புத்தகத்தை நாலு தரம் கேட்டேன் சேர், அந்தக் காரணங்கள் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை என்றாள், ஞாபக சக்தி போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது என்றாள். நான் என்ன சொன்னேன்? அரசாங்கக் கச்சேரியில் இருபது வருஷம் கிளார்க்காக இருந்தவனின் வாய் அல்லவா, நாலு தரம் கேட்பது பெரிதல்ல, மனம் அதில் இருக்க வேண்டும் என்றேன், ஊவா மாகாணத்திலே பிறந்துவிட்டு ஊவாவைப் பற்றிய கேள்வியையே விட்டுவிட்டு வந்தாயே என்றும் சொன்னேன். அவள் சரிங்க சேர் என்றாள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி... முந்தாநாள் அந்த வரலாற்றுப் புத்தகக் கோப்பைத் திறந்ததுகூட அவளுக்கு உதவுவதற்காக அல்ல, இதோ இந்த இடத்தில் இருக்கிறது, நீதான் கவனிக்கவில்லை என்று எடுத்துக்காட்டுவதற்காக. தேடினேன். இல்லை. வேறு சொல் போட்டுத் தேடினேன். இல்லை. ஜெமீலா நூலகத்திலிருந்து அச்சுப் புத்தகத்தை எடுத்துவந்து வாசித்தாள், நூற்று நாற்பத்து நாலு என்று அவள் தொடங்கினாள், ஏழு காரணங்கள், வரிசையாக, ஒன்றுகூட நான் கேட்டதில்லை.

என் மனைவி கமலாம்பிகை இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. கண் போன பிறகு பத்து வருஷம் அவள்தான் எனக்குப் பத்திரிகை வாசித்தாள். யுத்த காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துச் செய்தி வந்தால் சில வரிகளை விட்டுவிடுவாள், எனக்கு உடனே தெரிந்துவிடும், மூச்சு ஒரு கணம் தடுக்கும், குரல் கொஞ்சம் இறங்கும், என்ன விட்டனீர் என்று கேட்பேன், ஒண்டுமில்லையப்பா என்பாள், பிறகு அழுவாள். மனிதர் ஒன்றை மறைத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்தப் பத்து வருஷம் என்னைப் பழக்கிவிட்டது. இயந்திரத்துக்கு மூச்சில்லை. இரண்டு பக்கம் போனாலும் இருபது பக்கம் போனாலும் அது அதே குரலில் ஓடும், அது எதையும் மறைக்கவில்லை, அதற்குத் தெரியவே தெரியாது... நான் என்ன செய்கிறேன், இயந்திரத்தின் மேல் பழி போடுகிறேன், அடுத்து ஜெமீலாவின் விரல் மேல் போடுவேன், அதற்கடுத்து புத்தகத்தின் ஈரத்தாள் மேல்.

சொல்லாமலே விடலாம். விண்ணப்பம் அனுப்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, மூன்றாவது தடவை, அதுதான் கடைசித் தடவை, ஆனால் அவள் எழுதப்போவதில்லையே, கொழும்புக்குப் பக்கத்தில் தும்புத்தடித் துடைப்பம் செய்யும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, தங்குமிடமும் உண்டாம், நாங்கள் இரவல் கொடுத்த மடிக்கணினியைத் திருப்பித் தரத்தான் இன்றைக்கு வருகிறாள். போகிற பிள்ளையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, மனம் நோகும், அவ்வளவுதானே. யாருடைய மனம்? சொன்னால் அவளுக்குத் தன் புத்தி மேல் நம்பிக்கை திரும்பும், எனக்கு இந்த அறையில் இருக்கும் பெயர் போகும், அதுதானே கணக்கு, வேறென்ன. நல்ல வேளை, ஜெமீலா தேநீர் வேண்டுமா என்று கேட்கிறாள், வேண்டாம் என்கிறேன், படிக்கட்டில் செருப்புச் சத்தம், இரண்டு பேர், ஒருவர் முன்னால், ஒருவர் கைபிடித்துப் பின்னால்.

தாய் ரெங்கம்மாதான் அழைத்துவந்திருந்தாள், இன்றைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாமல் அரைப்பேரும், அந்த அரைநாள் கூலியும்கூட இல்லாமல் வந்திருக்கிறாள். மடிக்கணினியை, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள், மேல்துணி நனைந்திருந்தது, உள்ளே பிரித்துத் தொட்டால் ஒரு பொட்டு ஈரமில்லை, தோட்டத்து லயத்து வீட்டில் அதை எங்கே வைத்துக் காப்பாற்றினார்களோ. ஒழுகுற எடத்துல வைக்கலீங்க என்றாள் ரெங்கம்மா, நான் கேட்காமலே. சுலோஜனா சிரித்துக்கொண்டு விடைபெறுகிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நன்றி என்றாள், சேர் இல்லாவிட்டால் ஒரு புத்தகம்கூடப் படித்திருக்க மாட்டேன் என்றாள், அந்தச் சொல்லைக் கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“பிள்ளை, உமக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். அந்தக் கேள்விக்குரிய ரெண்டு பக்கம் நாங்கள் தந்த புத்தகத்தில இல்லை. விட்டுப்போச்சு. நான் கவனிக்கேல்ல. உம்மட ஞாபகத்தில பிழையில்லை, பிழை என்னில.”

ஸ்கேனர் நின்றிருந்தது. ரெங்கம்மாவுக்கு விளங்கியதா தெரியவில்லை, மகளைத் தொட்டு என்ன என்று மெதுவாகக் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது, ஆனால் சுலோஜனாவின் குரல் கோபமாக வரவில்லை, எதையோ எட்டி நினைத்துப் பார்ப்பது போல வந்தது.

“மக்கள் பெரும் துன்பத்துக்குன்னு வருமே, அந்த எடம் தானேங்க சேர்? எனக்கு அங்க ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரியா இருக்கும். எதுனால துன்பம்னு சொல்லலையேன்னு நெனப்பேன். அம்மாகிட்டகூட சொன்னேன். சேர் பாத்த புத்தகம், அதுல தப்பு வராது, நமக்குத்தான் வெளங்கலன்னு விட்டுட்டேன்.”

அவளுக்குத் தட்டியிருக்கிறது. நாலு தடவையும் தட்டியிருக்கிறது. கடுகு வேகத்தில் ஓடிய என் காதுக்குத் தட்டாதது, லயத்துக் காம்பரா அறையில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்ட பிள்ளைக்குத் தட்டியிருக்கிறது, அதை அவள் என் பெயரைச் சொல்லி அடக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு பக்கத்தையும் இப்போதே தருகிறேன், விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன், மடிக்கணினியைத் திரும்பக் கொண்டுபோ என்று படபடவென்று சொன்னேன், படங்குத் துணியை நானே மறுபடி சுற்றத் தொடங்கினேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ரெங்கம்மா சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. சுலோஜனா மடிக்கணினியை வாங்கவுமில்லை, தள்ளவுமில்லை, அதன் மேல் கையை வைத்தபடி நின்றாள், அவளுடைய விரல் என் விரலுக்குப் பக்கத்தில் குளிர்ந்திருந்தது.

“அப்ப மத்த புத்தகமெல்லாம், சேர்?”

நான் பார்த்துத் தந்தவைதானே என்ற பதில் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. இந்த அறையிலிருந்து அறுபத்திரண்டு புத்தகம் போயிருக்கிறது, மட்டக்களப்புக்கு, யாழ்ப்பாணத்துக்கு, அட்டனுக்கு, எந்தெந்தப் பிள்ளை எந்தெந்த வரியில் நின்று, தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனதோ.

“தெரியாது பிள்ளை” என்றேன்.